பட்டம் வாங்கியாச்சு, இனி? – வாசகர் கேள்வி பதில்

இந்த ஆண்டு கல்லூரி முடித்து வேலைக்கும் வேற்றூருக்கும் கிளம்பியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் கொடுத்திருக்கிறோம். பணம், பழக்கவழக்கம், பிறருக்கு உதவுவது என எல்லாம் கலந்தே வந்திருக்கின்றன. பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

பி.காம் முடித்து திருப்பூரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். சம்பளம் 20,000 என்றார்கள். கையில் 18,400தான் வருகிறது. வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்? ஆபீஸில் ட்ரீட் கேட்டு நச்சரிக்கிறார்கள்.
– வாசகி, வேளச்சேரி

முதலில் சம்பளச் சீட்டைப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப் என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 20,000-க்கு 150 ரூபாய். இரண்டும் போனால் 18,410. மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. அந்த 150 ரூபாயில் உங்கள் வைத்தியம் மட்டுமல்ல, குறைந்த வருமானத்தோடு உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவின் வைத்தியமும் அடக்கம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவர்கள் பெயரையும் ஆதார் எண்ணையும் பதிந்துவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் மனிதவளத் துறைக்கு ஓடுகிறார்கள். பி.எஃப்-க்குக் கொடுக்கும் யு.ஏ.என் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். வேலை மாறினால் அதே எண்ணைக் கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். நாமினி பெயரையும் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

இனி பங்கீடு. உணவோடு சேர்த்து விடுதிக்கு 7,500 என்று வைத்துக்கொள்வோம். போன், சோப்பு, மாத்திரை, போக்குவரத்துக்கு 2,500. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இது போதும். வீட்டுக்கு 4,000. அவசரத்துக்குத் தனியாக 2,500. மிச்சம் 1,900 உங்கள் விருப்பத்துக்கு. வீட்டுத் தொகை 4,000-ஆ 3,000-ஆ என்பதைவிட, மாதம் தவறாமல் ஒரே தேதியில் ஒரே தொகை போவதுதான் முக்கியம். ஒரு மாதம் 8,000 அனுப்பிவிட்டு அடுத்த மாதம் கையை விரித்தால் அம்மாவால் எதையும் திட்டமிட முடியாது. "எந்தச் செலவை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேட்டு ஒன்றை முழுதாக உங்கள் பொறுப்பாக்குங்கள்: தம்பியின் பள்ளிக் கட்டணமோ, கேஸும் கரண்டுமோ.

கல்விக்கடன் இருந்தால் அதற்குத்தான் முதலிடம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை பெரும்பாலும் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி நிற்பதில்லை, சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஓராண்டில் மாதம் 1,500 கட்டினால்கூட பின்னால் தவணை லேசாகும். கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் தவறினால் அவருடைய கடன் மதிப்பெண்ணும் விழும், தங்கைக்குக் கடன் கேட்கும்போது வங்கி மறுக்கும்.

ட்ரீட் விஷயம் எளிது. ஓட்டலுக்கு அழைத்துப் போனால் 10 பேருக்கு 4,000 ஆகிவிடும். ஒரு கிலோ நல்ல இனிப்பு வாங்கி மேசை மேசையாக நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். 20 பேருக்குத் தாராளமாக வரும். வாசலில் நிற்கும் காவலாளி, கழிவறை சுத்தம் செய்யும் அம்மா, டீ கொண்டுவரும் பையன் ஆகியோருக்கும் கொடுங்கள். அவர்களுக்கு எடுத்துவைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது, கடைசியில் உடைந்த துண்டு மட்டும் மிஞ்சாது.

இன்னொன்று. மாதத்தின் நடுவில் சேர்ந்தால் முதல் சம்பளம் அரைகுறையாக வரலாம், அல்லது அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரலாம். 45 நாள் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டுதான் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இதை உங்களுக்கு அடுத்து வரும் ஜூனியர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கல்லூரி நண்பன் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான். "சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்டா" என்கிறான். மறுத்தால் நட்பு போய்விடுமோ என்று பயம்.
– வாசகர், கோயம்புத்தூர்

அது சம்பிரதாயம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவனிடம் வசூலித்துப் பார்த்து முடியாமல் போன பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. நேராக உங்களிடமே வரலாம். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கடன் கேட்கும்போது இந்தக் கடனும் உங்கள் கணக்கில் சேர்த்துப் பார்க்கப்படும். உங்கள் பெயரில் போன் தவணை எடுத்துக் கொடுப்பது, கிரெடிட் கார்டைக் கைமாற்றாகக் கொடுப்பது, தேதி போடாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எல்லாம் இதே வகைதான்.

மறுப்பதை இழுக்காதீர்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்", "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நாளைக் கடத்தினால் அவன் வேறு வழி தேடாமல் உங்களையே நம்பிக் காத்திருப்பான். அதுதான் அவனுக்குச் செய்யும் கெடுதல். அன்றே சொல்லுங்கள்: "மச்சி, கையெழுத்து மட்டும் நான் யாருக்கும் போடுறதில்ல. என்னால 3,000 முடியும். அதைத் திருப்பித் தர வேணாம்." திரும்பி வராவிட்டாலும் நம் மாதம் தடுமாறாத தொகை எதுவோ, அதுதான் நாம் கொடுக்கக்கூடிய தொகை. அதற்கு மேல் கொடுத்தால் பணம் போவதோடு ஆளும் போய்விடுவான். கடன்பட்டவன் நம்மைக் கண்டாலே ஒதுங்கத் தொடங்குவான்.

கடனாகவே கொடுப்பதென்றால் தேதியைக் கேட்டு வாங்குங்கள். "5,000 அனுப்பிட்டேன்டா, 10-ஆம் தேதி தர்றேன்னு சொன்னே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். அது சந்தேகமில்லை, இருவருக்குமான ஞாபகக் குறிப்பு. கெடுவுக்கு மூன்று நாள் முன்பு தனியாக ஒருமுறை நினைவூட்டலாம். குரூப்பில் கேட்கவே கூடாது.

இதைவிட மோசமான ஒரு வேண்டுகோள் இப்போது கல்லூரி முடித்தவர்களைச் சுற்றி வருகிறது. "உன் அக்கவுண்டுக்கு 50,000 வரும், 48,000 அனுப்பிடு, 2,000 நீ வச்சுக்கோ." அந்தப் பணம் பெரும்பாலும் இணைய மோசடியில் யாரோ ஒரு முதியவரிடம் பறித்ததாக இருக்கும். உங்கள் கணக்கு முடக்கப்படும், வழக்கில் உங்கள் பெயர் வரும், தேடி வரும் காவல்துறை வேறு மாநிலத்திலிருந்துகூட வரும். ஏ.டி.எம் அட்டை, சிம், பாஸ்புக் மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் அடிக்கடி விபத்துகளைப் பார்க்கிறேன். நிறுத்தி உதவ மனம் வருகிறது. "போலீஸ், கோர்ட்டு என்று அலைவாய்" என்று அப்பா தடுக்கிறார்.
– வாசகர், ஓசூர்

அப்பாவின் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இப்போது சட்டம் மாறிவிட்டது. உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு என்ன நேர்ந்தாலும், உரிமையியல் வழக்கும் கிடையாது, குற்ற வழக்கும் கிடையாது. பெயர், முகவரி சொல்வது உங்கள் விருப்பம். மருத்துவமனை உங்களைப் பிடித்துவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. அவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. இதை அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சட்டம் துணைக்கு இருந்தாலும், செய்யத் தெரியாமல் செய்யும் உதவி ஆளைக் கொன்றுவிடும். முதலில் உங்கள் வண்டியை விபத்து நடந்த இடத்தைத் தாண்டி ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். பின்னால் வரும் வண்டிகளைக் கையசைத்து மெதுவாக்க ஒருவரை நிறுத்துங்கள். உதவ வந்தவரை அடுத்த லாரி இடிப்பது நெடுஞ்சாலையில் புதிதல்ல. 108-க்கு அழைத்ததும் எந்தச் சாலை, எந்தத் திசை, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

கையையும் காலையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுவதுதான் நம் ஊரில் வழக்கமாக நடக்கும் பெரிய தவறு. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அந்தத் தூக்கலில் நரம்பு அறுந்து ஆயுளுக்கும் கால் விளங்காமல் போகலாம். தீ, வெள்ளம், ஓடும் வாகனங்கள் என உடனடி ஆபத்து இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், முகக் கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். ரத்தம் ஓடும் இடத்தில் மடித்த சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பெருகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்து, வாந்தியோ ரத்தமோ தொண்டையை அடைக்கும்போலிருந்தால் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள். நினைவு குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்தின்போது வாந்தியாகி ஆபத்தாகும். உதட்டை நனைத்தால் போதும். நகை, பர்ஸ், போன் எல்லாவற்றையும் நாலு பேர் பார்க்க ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக்குச் சொல்லும்போது "அடிபட்டிருக்கார், இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, வாங்க" என்பதோடு நிறுத்துங்கள். வீடியோ எடுப்பவர்களின் கையில் வேறு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: ஒருவர் போக்குவரத்தைப் பார்க்கட்டும், ஒருவர் குடை பிடிக்கட்டும்.

உங்கள் போனின் பூட்டுத்திரையிலும் வீட்டு எண்ணையும் ரத்த வகையையும் இன்றே ஏற்றிவிடுங்கள்.

பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. இரும்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா?
– வாசகி, திருச்சி

இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவி தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது, பெயர் இரும்புக்குப் போகிறது. கூர்மையான சாவி கையைக் கிழிக்கும். வாயில் ஸ்பூன் திணிப்பது பல்லை உடைக்கும். கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு நழுவும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுற்றிலும் இடிக்கும் பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மடித்த துண்டோ பையோ வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கை கால் வெட்டி இழுப்பது அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணி என்றாலோ 108. தெளிந்து எழும்போது பலருக்கு உடையில் சிறுநீர் போயிருக்கும். கூட்டத்தை விலக்கி, ஒரு துண்டால் மூடி, "ஒண்ணுமில்ல, பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லும் ஒருவர் அப்போது வேண்டும்.

மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஓர் அக்கா வருகிறார். எங்களுக்கு ஆள் வைத்துப் பழக்கமில்லை. எப்படி நடந்துகொள்வது?
– வாசகர், சோழிங்கநல்லூர்

கேட்கத் தோன்றியதே நல்லது, பலருக்குத் தோன்றுவதில்லை. முதல் நாளே வேலையை எண்ணிச் சொல்லிவிடுங்கள்: எத்தனை பேருக்கு, எத்தனை வேளை, பாத்திரம் உண்டா, வீடு பெருக்குவது உண்டா, நண்பர்கள் வந்து தங்கினால் ஒரு வேளைக்குக் கூடுதலாக எவ்வளவு. சண்டை வருவது சம்பளத்தால் அல்ல, இப்படிச் சொல்லாமல் சேர்ந்துகொள்ளும் வேலையால். வாரம் ஒருநாள் விடுப்பு. நீங்கள் பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் அந்த வாரச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். லீவு எடுத்தது நீங்கள், அவரல்ல. சம்பளம் 1-ஆம் தேதி. மூன்று பேரும் மாறி மாறிக் கொடுக்காமல் ஒருவர் வசூலித்து ஒரே தொகையாகக் கொடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். மாதாமாதம் தனியே எடுத்துவைத்தால் பாரமாகத் தெரியாது.

தனி டம்ளர், தனித் தட்டு என்ற வழக்கத்தை உங்கள் வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். அது சாதி. அதற்குச் சுத்தம் என்று வேறு பெயர் வைக்க வேண்டாம். நீங்கள் குடிக்கும் டம்ளரில் அவரும் குடிக்கட்டும். வந்தவுடன் கழிவறை எங்கே என்று காட்டி, "எப்ப வேணாலும் யூஸ் பண்ணிக்கங்க அக்கா" என்று சொல்லிவிடுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பி நான்கு வீடு ஏறி இறங்கும் பெண்கள், யார் வீட்டிலும் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்வதால் சிறுநீர்த் தொற்றோடு அவதிப்படுகிறார்கள். மூன்று இளைஞர்கள் இருக்கும் வீட்டில் கேட்க இன்னும் கூச்சம் இருக்கும். அவர் இருக்கும் நேரத்தில் கதவு தாழிடாமல் இருக்கட்டும், நீங்கள் சட்டையோடு இருங்கள்.

அடிப்பிடித்த குக்கரில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுங்கள். உடைந்த கண்ணாடியை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பையில் போடுங்கள். ஷேவிங் பிளேடும் அப்படியே. இவற்றால் கையைக் கிழித்துக்கொள்வது அக்கா மட்டுமல்ல, தெருவில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளரும்தான். மிஞ்சியதைக் கொடுப்பதென்றால் அன்று சமைத்ததை அன்றே கொடுங்கள். மூன்று நாள் பிரிட்ஜில் கிடந்ததைக் கொடுக்காதீர்கள்.

படித்தவர்களான உங்களால் மட்டும் முடியும் ஓர் உதவி உண்டு. 2007 முதல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் இயங்குகிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் அதில் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, விபத்துக்கு, முதுமைக்கு என்று உதவிகள் உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், புகைப்படம் இருந்தால் ஒரு ஞாயிறு மதியத்தில் இணையத்தில் விண்ணப்பித்துவிடலாம். போன் எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். ஓ.டி.பி அவருக்குத்தான் வர வேண்டும்; நீங்கள் வீடு மாறினாலும் அவர் கணக்கு அவர் கையில் இருக்கும்.

எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒருவனுக்கு மட்டும் இன்னும் இல்லை. போன் எடுப்பதில்லை. அவனிடம் என்ன பேசுவது?
– வாசகர், மதுரை

"ஏதாச்சும் கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். கிடைத்தால் அவனே சொல்வான். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதும் வேண்டாம். வேலை இல்லாமல் நான்கு மாதம் வீட்டில் இருப்பவனுக்குக் காலை 10 மணிதான் கொடுமை: அப்பா வேலைக்குப் போனபின் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். அந்த நேரத்துக்கு வாரம் இரண்டு முறை கூப்பிட்டு கிரிக்கெட்டோ சினிமாவோ பேசுங்கள். எடுக்காவிட்டால் கோபிக்காமல் அடுத்த வாரமும் கூப்பிடுங்கள்.

உங்கள் நிறுவனத்தில் ஆள் எடுத்தால் "அப்ளை பண்ணுடா" என்று லிங்க் அனுப்புவதோடு நிற்காதீர்கள். பணியிட எண்ணைக் குறித்து, அவனுடைய ஒரு பக்க ரெஸ்யூமேயை வாங்கி, அறிவிப்பில் கேட்டிருக்கும் திறன்கள் அதில் அதே சொற்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் முதல் வடிகட்டலை மென்பொருள்தான் செய்கிறது. சொல் பொருந்தாவிட்டால் மனிதக் கண்ணுக்கே போகாது. பரிந்துரை கொடுத்தபின் என்ன ஆயிற்று என்று விசாரித்து, இல்லை என்றாலும் சொல்லுங்கள். பதிலே வராமல் காத்திருப்பது மறுப்பைவிட வலிக்கும். தேர்வுக்கோ நேர்காணலுக்கோ உங்கள் ஊருக்கு வந்தால் "முந்தின நாளே வந்து தங்கிடு, காலைல நானே கொண்டுவிடுறேன்" என்று சொல்லுங்கள். இரவுப் பயணத்தில் தூங்காமல் வந்து நேர்காணலில் சொதப்புவது அடிக்கடி நடக்கிறது.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நாளில் பில்லை ஆறாகப் பிரிக்காதீர்கள். முன்கூட்டியே ஒருவர் கட்டிவிட்டு, மற்ற நால்வரும் பிறகு அவருக்கு அனுப்புங்கள். மேசையில் அது பேச்சாக வேண்டாம். வேலைக்கு 'டெபாசிட்' கட்டச் சொல்லும் ஏஜென்ட் யாரிடமாவது அவன் பேசிக்கொண்டிருக்கிறானா என்றும் விசாரியுங்கள். நொந்திருக்கும் நேரத்தில்தான் அந்த வலையில் விழுவார்கள். ஒழுங்கான நிறுவனம் எதுவும் ஆள் எடுக்கப் பணம் கேட்காது, அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளாது.

அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறார். மீட்டிங்கில் இருக்கும்போது எரிச்சலாக வருகிறது.
– வாசகி, பெங்களூரு

நீங்கள் எப்போது பேசுவீர்கள் என்று தெரியாததால்தான் நாலு தடவை. இரவு 8.30 என்று ஒரு நேரம் வைத்து, நீங்களே முந்திக்கொண்டு கூப்பிடுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் பேசுங்கள். இரண்டே வாரத்தில் பகல் அழைப்புகள் குறையும். "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்கு "ம்" என்று சொல்லாமல் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அவர் மாத்திரை போட்டாரா, முட்டிவலி எப்படி என்று நீங்களும் கேளுங்கள்.

உடன் வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துவிட்டார். சாவு வீட்டுக்கு இதுவரை பெரியவர்களோடுதான் போயிருக்கிறேன். தனியாகப் போய் என்ன செய்வது, என்ன சொல்வது?
– வாசகர், சேலம்

பேச்சு அதிகம் தேவையில்லை. கையைப் பிடித்து, "கேள்விப்பட்டதும் வந்துட்டேன்" என்று சொன்னால் போதும். "எப்படி ஆச்சு, எந்த டாக்டர் பாத்தார், முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் அதே கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதில்லை, சொல்லாமலே எழுந்து வருவதுதான் வழக்கம். மாலை வாங்கிப் போனால் நாரில் கட்டியதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் சுற்றியதை மயானத்தில் பிரிக்க நேரமாகும்.

"என்ன வேணும்னாலும் சொல்லு" என்றால் அவர் சொல்ல மாட்டார். அன்று அந்த வீட்டில் என்ன இல்லை என்று நீங்களே பாருங்கள். பல வீடுகளில் எடுக்கும் வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, பேப்பர் டம்ளர், பால், டீத்தூள், சர்க்கரை போடாத டீ தனியாக ஒரு பிளாஸ்க் – இவை இருந்தால் பாதிக் கவலை தீரும். இறந்தவரின் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவர் சாப்பிடாமலேயே இருந்துவிடுவார். மாத்திரையோடு இரண்டு இட்லியையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க நெருங்கிய உறவுப் பெண் ஒருவரிடம் சொல்லுங்கள். நண்பரின் போனை வாங்கிச் சார்ஜ் போட்டு, வரும் அழைப்புகளுக்கு எடுக்கும் நேரத்தையும் முகவரியையும் நீங்களே சொல்லலாம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இருப்பிடத்தை அனுப்புவது, பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவருவது எல்லாம் இளையவர்கள் செய்யும் வேலை.

காகித வேலையில் நிச்சயம் துணை நில்லுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், அதற்குள் பதிந்தால் கட்டணமில்லை. மருத்துவமனையில் நடந்த இறப்பை அவர்களே பதிவாளருக்கு அனுப்புவார்கள். வீட்டில் இறந்திருந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்றை அன்றே வாங்க வேண்டும். பெயர் ஆதாரிலும் வங்கியிலும் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் சான்றிதழில் இருக்கட்டும். ஒரு இனிஷியல் மாறினாலும் இன்சூரன்ஸ், பி.எஃப், வாரிசுச் சான்று எல்லா இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள், அந்த அம்மா மாதக்கணக்கில் அலைவார். சான்றிதழ் வந்ததும் பத்துப் பிரதியாவது எடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள்.

அலுவலகத்தில் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்று அவரைக் கேட்காமலேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுகள் கலைந்துவிடும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு மாலை போய்ப் பாருங்கள். அப்போது அவருக்கு அப்பாவைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அறைத்தோழர்களோடு தினமும் சின்னச் சின்னச் சண்டை. தீர்வு?
– வாசகர், கிண்டி

பெரும்பாலும் மூன்று இடத்தில்தான்: கழிவறை, அலாரம், பணம். குளித்தபின் தரையைத் தள்ளித் துடைத்து, முடியை எடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அலாரம் ஒரே தடவைதான் அடிக்க வேண்டும். ஐந்து முறை அடிக்கவிட்டு நீங்கள் தூங்கினால் மற்றவர்கள் விழித்துக்கிடப்பார்கள். இரவு 11-க்கு மேல் போன் பேசுவது மொட்டைமாடியில், ரீல்ஸ் பார்ப்பது இயர்போனில். பணத்துக்கு மாதம் 1-ஆம் தேதி ஆளுக்கு 1,500 போட்டுப் பொதுப் பெட்டி வையுங்கள். கேஸ், தண்ணீர் கேன், அரிசி, சோப்புத்தூள் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி சமமாகப் போடுங்கள். அவரவர் வாங்கிவந்து கணக்குச் சொல்லும் முறை இரண்டாவது மாதமே உடைந்துவிடும்.

ரத்ததானம் செய்ய ஆசை. எடை 52 கிலோ. செய்யலாமா? வாட்ஸ்அப்பில் வரும் அவசர ரத்தச் செய்திகளைப் பகிர்வது உதவிதானே?
– வாசகி, தஞ்சாவூர்

செய்யலாம். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் எடையில் தேறி, ஹீமோகுளோபினில் நின்றுவிடுகிறார்கள். அங்கே விரலில் குத்திப் பார்த்துச் சொல்வார்கள். குறைவாக இருந்தால் அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். சோர்வுக்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். உங்கள் எடைக்கு 350 மில்லி எடுப்பார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு கழித்துத்தான்.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. விரதமாக இருந்துகொண்டு கொடுப்பது புண்ணியம் என்று நினைத்துப் போய் மயங்கி விழுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லியோ சாப்பாடோ சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். கொடுத்தபின் 15 நிமிடம் உட்கார்ந்து, தரும் ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு எழுங்கள். அன்று ஜிம் வேண்டாம், ஊசி போட்ட கையால் கனமான பையைத் தூக்க வேண்டாம். தலை சுற்றினால் அங்கேயே படுத்துக் காலை உயர்த்திவையுங்கள். சமாளிக்கிறேன் என்று படியில் இறங்குபவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

பகிர்வதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். மூன்று ஆண்டு பழைய செய்திகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மகனைப் பறிகொடுத்த அப்பாவுக்கு இன்றும் "ரத்தம் வேணுமா?" என்று அழைப்பு வந்தால் எப்படி இருக்கும்? உண்மை என்றால் மருத்துவமனை, வார்டு, வகை, எத்தனை யூனிட், தேதி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். தேவை தீர்ந்ததும் 'கிடைத்துவிட்டது' என்று அதே குரூப்பில் போட்டு, பழையதை நீக்கிவிடுங்கள். அதைவிட, அழைப்பு வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து, அவர்கள் கூப்பிடும்போது போய்க் கொடுப்பது நல்லது. சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. டெங்கு காலத்தில் தட்டணுக்களுக்கு அலைமோதுவது அதனால்தான். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் எண் அவர்கள் பட்டியலில் இருக்கட்டும்.